காசோவரியைக் காட்டில் காண்பதும் அதன் எச்சத்தைப் படிப்பதும்: வடகிழக்கு ஆஸ்திரேலியா செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பறக்க இயலாத பெரும் பறவை என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பண்ணை வேலிக்குள் நின்ற ஈமு கோழிதான். 2012-இல் கொங்குப் பகுதியில் ஈமு பண்ணை முதலீடுகள் சரிந்தபோது, அந்தப் பறவை ஏமாற்றத்தின் அடையாளமாகவே நம் பேச்சில் தங்கிவிட்டது. இத்தகைய ஒரு பறவை தன் சொந்த நிலத்தில் என்ன வேலை செய்கிறது, அது இல்லாவிட்டால் அந்த நிலம் என்ன ஆகும் என்ற கேள்விகளை நாம் கேட்டுப் பார்த்ததே இல்லை. அந்தக் கேள்விகளுக்கான விடையைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள உலகில் மிகச் சில இடங்களே உள்ளன. அவற்றில் எளிதாகச் சென்றடையக்கூடியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கெய்ர்ன்ஸ் நகருக்கு வடக்கிலும் தெற்கிலும் நீளும் வெப்பமண்டல மழைக்காடு. அங்கே வாழும் பறவை தென் காசோவரி.

சுற்றுலாவாக அங்கே செல்பவர்கள் பறவையைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது பாதி வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. காசோவரி அந்தக் காட்டுக்கு ஏன் வேண்டும் என்பது அதன் உடலில் தெரிவதைவிட அது விட்டுச் செல்லும் எச்சத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. பறவை கண்ணில் படாத நாளிலும் எச்சம் கண்ணில் படும். ஆகவே, பறவையைத் தேடுவது எப்படி என்பதோடு, அதன் எச்சத்தைப் படிப்பது எப்படி என்பதையும் இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எங்கே, எப்போது செல்வது

1988-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட ஈர வெப்பமண்டலக் காடுகள் ஏறத்தாழ 8,940 சதுர கிலோமீட்டர் பரப்புடையவை. கடற்கரையோரத் தாழ்நிலம், அதற்கு மேலே எழும் மலைச்சரிவு, உச்சியில் விரியும் ஆதர்ட்டன் பீடபூமி ஆகிய மூன்றிலும் காசோவரி வாழ்கிறது. முதல்முறை செல்பவர்கள் கெய்ர்ன்ஸில் இறங்கி வாகனம் எடுத்துக்கொண்டு தெற்கே செல்வது நல்லது. இன்னிஸ்ஃபெயிலுக்கு அருகிலுள்ள எட்டி பே என்ற சிறு கடற்கரையில் காசோவரிகள் காட்டிலிருந்து இறங்கி மணலில் நடப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். அதற்கும் தெற்கே உள்ள மிஷன் பீச்சைச் சுற்றி ஜிரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள லேசி க்ரீக் பாதையும், விசிறிப் பனைகள் அடர்ந்த லிக்குவாலா பாதையும் குறுகியவை, நடக்க எளியவை, காசோவரியின் தடயங்கள் நிறைந்தவை. வடக்கே டெயின்ட்ரீ ஆற்றைப் படகுத்துறையில் கடந்து சென்றால் ஜிண்டல்பா, டுபுஜி என்ற மரப்பலகைப் பாதைகள் உள்ளன. பீடபூமியில் ஹிப்பிப்பமீ பள்ளத்தைச் சுற்றிய காடு நல்ல இடம்.

எட்டி பேயில் பறவையைப் பார்ப்பது எளிது. ஆனால் அங்கே மனிதர் நடமாட்டத்துக்குப் பழகிய பறவையைத்தான் பார்ப்பீர்கள். பறவையும் காடும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைக் கற்க விரும்புபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லேசி க்ரீக்கையே.

மே முதல் அக்டோபர் வரை மழை குறைந்த காலம். பாதைகள் நடக்கத் தக்கவையாக இருக்கும், கொசுத் தொல்லையும் தணிந்திருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை காசோவரியின் இனப்பெருக்கக் காலமும் ஆகும். அதன் பின்பகுதியில் குஞ்சுகளோடு திரியும் ஆண் பறவைகளைக் காணும் வாய்ப்பு உண்டு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல்களின் காலம் என்பதால் அப்போது பயணத்தைத் திட்டமிடாமல் இருப்பதே நல்லது. நாளில் அதிகாலையும் பிற்பகலின் கடைசிப் பகுதியும் ஏற்றவை. உச்சிவேளையில் பறவை பெரும்பாலும் ஒதுங்கி ஓய்வெடுக்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவு. மங்கலான வெளிச்சத்திலும் தெளிவாகக் காட்டும் ஒரு பைனாகுலர், சிறு உருப்பெருக்கி, அளவுகோல், கையுறை, குறிப்பேடு, அட்டையும் கொசுவும் அண்டாத களிம்பு ஆகியவை போதும். காலை மூடும் ஆடை அவசியம். பாதையை விட்டு விலகக் கூடாது என்பதற்கு அங்கே இரண்டு கூடுதல் காரணங்கள் உள்ளன: தொட்டால் நெடுநாள் வலி தரும் கொட்டு மரம் காட்டின் வெளிச்சமான ஓரங்களில் வளர்கிறது, ஆற்று முகத்துவாரங்களிலும் ஓடைகளிலும் உவர்நீர் முதலைகள் உண்டு.

பறவையைப் பற்றி முன்பே அறிந்திருக்க வேண்டியவை

வளர்ந்த காசோவரி ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமுடையது. பெண் பறவை ஆணைவிடப் பெரியது. 76 கிலோ வரை எடை பதிவாகியுள்ளது, ஆணோ 55 கிலோவைத் தாண்டுவது அரிது. உடல் முழுவதும் கறுப்பு; கழுத்து நீலம்; பிடரியில் செம்மை; கழுத்தின் முன்புறம் இரண்டு சிவப்புத் தாடிச் சதைகள் தொங்கும். தலையில் நிமிர்ந்து நிற்கும் கொம்புக் கொண்டை எதற்காக என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. உடல் வெப்பத்தை வெளியேற்ற அது உதவுகிறது என்பதை 2019-இல் வெப்பப் படக்கருவி கொண்டு நடத்திய ஆய்வு காட்டியது: வெயில் ஏறும்போது கொண்டை வழியே வெப்பம் வெளியேறுகிறது, குளிர்ந்த வேளையில் அந்த வெளியேற்றம் மட்டுப்படுகிறது. அவ்வளவு கறுப்பான, அவ்வளவு கனமான உடல் வெப்பமண்டலத்தில் நாள் முழுவதும் நடந்து திரிய வேண்டும் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாடு எத்தனை அவசியம் என்பது விளங்கும்.

காட்டில் பறவையைப் பார்ப்பதற்கு முன் அதன் ஒலி உங்களை எட்டக்கூடும். காசோவரி தலையைத் தாழ்த்தி எழுப்பும் முழக்கம் மிகத் தாழ்ந்த அதிர்வெண் உடையது. தென் காசோவரியின் ஒலி 32 ஹெர்ட்ஸ் அளவுக்கும், நியூகினியின் குள்ளக் காசோவரியின் ஒலி 23 ஹெர்ட்ஸ் அளவுக்கும் இறங்குவதாக 2003-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. மனிதச் செவியின் எல்லையை ஒட்டிய ஒலி அது. காதில் கேட்பதைக் காட்டிலும் நெஞ்சில் அதிர்வாக உணர்வதே அதிகம். அடர்ந்த காட்டில் உயர்ந்த ஒலிகள் இலைகளில் மோதிச் சிதறிவிட, தாழ்ந்த ஒலி நெடுந்தொலைவு செல்லும். தனித்தனியாகத் திரியும் பறவைகளுக்கு அது பயன்படுகிறது.

குடும்ப வாழ்க்கையில் பொறுப்பு முழுவதும் ஆணுடையது. பெண் மூன்று முதல் ஐந்து வரை பச்சை நிற முட்டைகளை இட்டுவிட்டு விலகிச் சென்றுவிடும். அதே பருவத்தில் வேறோர் ஆணோடு சேரவும் செய்யும். ஆண் ஏறத்தாழ ஐம்பது நாள் அடைகாத்து, பின்னர் ஒன்பது மாதம் அல்லது அதற்கு மேலும் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு திரிந்து எந்தப் பழத்தை உண்ணலாம், எங்கே தண்ணீர் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். குஞ்சுகள் வெளிர்நிறத்தில் பழுப்புக் கோடுகளோடு இருக்கும். கோடு மறைந்து முழுப் பழுப்பாகிப் பின்னர் கறுப்பாக மாற மூன்று ஆண்டுகள் வரை ஆகும். பழுப்பு நிறத்தில், சிறிய கொண்டையோடு தனியே திரியும் பறவையைக் கண்டால் அது தந்தையைப் பிரிந்த இளம் பறவை என்று குறித்துக்கொள்ளுங்கள். சாலையில் அடிபடும் ஆபத்து இவற்றுக்கு மிகுதி.

தரையைப் பார்த்து நடத்தல்

மழைக்காட்டுக்குள் நுழைந்ததும் தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்க்கத் தோன்றும். முதல் அரைமணி நேரம் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு தரையைப் பாருங்கள். காசோவரி மரத்திலிருந்து பழம் பறிப்பது குறைவு. உதிர்ந்த பழத்தைப் பொறுக்கியே பெரும்பாலும் வாழ்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களின் பழங்களை அது உண்கிறது. இடையிடையே காளான், நத்தை, பூச்சி, இறந்த சிற்றுயிர் ஆகியவற்றையும் உண்ணும். எனவே எந்த மரத்தடியில் பழம் உதிர்ந்திருக்கிறதோ, அந்த மரத்தடிதான் நீங்கள் காத்திருக்க வேண்டிய இடம்.

அந்தப் பழங்களில் சிலவற்றின் உறவினரை நமக்கு நன்றாகத் தெரியும். நாவல் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் அங்கே பல உண்டு. அத்தி வகைகளும், முட்கொக்கிகளோடு படரும் பிரம்பும் உண்டு. பளிச்சென்ற நீலத்தில் உருண்டையாகக் கிடக்கும் நீலக் குவாண்டாங் நம் உருத்திராட்ச மரத்தின் மிக நெருங்கிய உறவு. அதன் நீலம் நிறமியால் வருவதன்று, தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே உதிர்ந்து நாளான பின்பும் நிறம் மங்காமல் கிடக்கும். காசோவரிப் பிளம் என்று அங்கே அழைக்கப்படும் பெரிய நீலப்பழம் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது, நச்சுடையது. அதைத் தொட நேர்ந்தால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். காசோவரியோ அதை முழுதாக விழுங்கிவிட்டு நலமாக நடந்து செல்லும்.

ஈரமண்ணில் மூன்று விரல் பதிந்த பெரிய தடத்தைத் தேடுங்கள். உட்புற விரலின் நுனியில் நேர்கோடாக நீண்ட ஒரு கீறல் தெரிந்தால் ஐயமே வேண்டாம். 12 சென்டிமீட்டர் வரை வளரும் கத்தி போன்ற நகத்தின் பதிவு அது. உதிர்ந்த இறகு கிடைத்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரே அடியிலிருந்து இரண்டு தண்டுகள் ஏறத்தாழ ஒரே நீளத்தில் பிரிந்து செல்லும். அவற்றின் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கோத்துக்கொள்ளாமல் மயிர்போலத் தனித்தனியே தொங்கும். பறப்பதற்குப் பயன்படாத அந்த இறகு, முட்புதரில் நுழையும்போதும் மழையில் நனையும்போதும் உடலைக் காக்கும் போர்வையாகிறது. பார்த்த பின் இறகைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

எச்சத்தைப் படித்தல்

காசோவரியின் எச்சத்தை முதல்முறை பார்ப்பவர்கள் அது ஒரு பறவையுடையது என்று நம்ப மாட்டார்கள். பாதையின் நடுவிலோ ஓரத்திலோ, இரு கை நிறைய அள்ளும் அளவுக்கு, பழக்கூழும் கொட்டைகளுமாகக் குவிந்து கிடக்கும். அண்மையில் உண்ட பழத்தைப் பொறுத்து ஊதா, செம்மஞ்சள், கருஞ்சிவப்பு என நிறம் மாறும். அருவருக்கத் தேவையில்லை, புளித்த பழத்தின் வாடைதான் வரும்.

கையுறை அணிந்து, கீழே கிடக்கும் ஒரு குச்சியால் குவியலை மெல்ல விலக்குங்கள். லேசி க்ரீக் பாதையோரம் நான் அப்படி விலக்கிப் பார்த்த ஒரு குவியலில் மேலாக இருந்தவை குழிகளும் மேடுகளுமாகச் சுருங்கிய நீலக் குவாண்டாங் கொட்டைகள். சதை முழுவதும் நீங்கி, தேய்த்துக் கழுவி வைத்தவை போல இருந்தன. அவற்றுக்கிடையே பனைவகைகளின் உருண்டை விதைகள், கோழிமுட்டையைவிடச் சற்றே சிறிய ஒரு வழவழப்பான பெரிய விதை, பாதி செரித்த ஒரு முழுப் பழம். கூழின் அடியில் பொடி விதைகள் எண்ணிலடங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தன. எந்த விதையிலும் கடித்த தடமோ உடைந்த விளிம்போ இல்லை. அதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

தானியம் தின்னும் பறவைகளின் அரைவைப்பை விதைகளை நொறுக்கிவிடும். காசோவரியின் குடல் குட்டையானது, அதன் அரைவைப்பை மென்மையாக இயங்குவது. பழம் சில மணி நேரத்தில் கடந்து வெளியேறிவிடுகிறது. சதை மட்டும் பறவைக்கு, விதை முழுதாகக் காட்டுக்கு. நச்சுப் பழங்களை உண்டும் பறவை பிழைப்பதற்கு இந்த வேகமும் விதை உடையாமையும் காரணங்களாகக் கருதப்படுகின்றன, ஏனெனில் பல பழங்களில் நச்சு விதைக்குள்தான் செறிந்திருக்கும்.

குடல் வழியே செல்வது விதைக்கு இழப்பன்று, தேவை. டெயின்ட்ரீ பகுதியில் மட்டும் வளரும் ரைப்பரோசா என்ற அரிய மரத்தை வைத்து நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதை மிகத் தெளிவாகக் காட்டியது. காசோவரியின் உடலைக் கடக்காத விதைகளில் முளைத்தவை சுமார் 4 விழுக்காடு. கடந்து வந்த விதைகளில் முளைத்தவை சுமார் 92 விழுக்காடு. விதையைச் சூழ்ந்த சதையில் பூஞ்சையும் பூச்சிப்புழுவும் குடியேறி விதையை அழித்துவிடுகின்றன. பறவை அந்தச் சதையை உரித்து எடுத்துவிடுவதால் விதை தப்புகிறது. எல்லா மரங்களுக்கும் இவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இடம் மாறுதல் என்ற நன்மை எல்லாவற்றுக்கும் கிடைக்கிறது.

அதை அறிய, எச்சம் கிடக்கும் இடத்தில் நின்று சுற்றிலும் பாருங்கள். குவியலில் உள்ள ஒவ்வொரு விதை வகைக்கும் தாய்மரம் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. நூற்றுக்கணக்கான மீட்டர், சில வேளை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அந்த விதை நடந்து வந்திருக்கிறது. அடுத்து, நிலத்தின் சாய்வைப் பாருங்கள். கனமான பழம் தானாக உருண்டால் சரிவில் கீழ்நோக்கித்தான் போகும், ஓடையில் விழுந்தால் நீரோட்டத்தோடு போகும். காசோவரியின் வயிற்றில் இருக்கும் விதை மேட்டில் ஏறும், ஓடையைக் குறுக்கே கடக்கும், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்லும். பெரிய விதையுள்ள மரங்கள் மலைச்சரிவில் மேலே இருப்பதன் காரணம் இந்தப் பறவையின் கால்கள்.

சிறு விதைகளைச் சுமக்க அந்தக் காட்டில் பழப்புறாக்கள், வௌவால்கள், சிறிய கங்காரு வகை விலங்குகள் எனப் பலர் உள்ளனர். பெரிய விதைகளை முழுதாக விழுங்கி நெடுந்தொலைவு கொண்டு செல்ல ஏறத்தாழ காசோவரி ஒன்றே உள்ளது. எழுபதுக்கும் மேற்பட்ட மர வகைகள் அதைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன என்று மதிப்பிடப்படுகிறது. நம் ஆனைமலையில் இருவாச்சியின் கூட்டு மரத்தடியில் குனிந்து விதைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பாடம் எளிதில் பிடிபடும். ஆனால் இருவாச்சி விழுங்கும் பழத்தின் அளவுக்கு எல்லை உண்டு. காசோவரி ஒரு பழத்தை எடுக்கும்போது அலகின் நுனியால் கவ்வி, தலையைப் பின்னுக்கு வீசி, பழம் தொண்டையில் விழும்படி செய்யும். மாங்காய் அளவுப் பழம் நீலக் கழுத்தின் வழியே புடைத்துக்கொண்டு இறங்குவது பைனாகுலர் இல்லாமலே தெரியும்.

பழைய எச்சக் குவியல்களையும் தேடிப் பாருங்கள். கூழ் மழையில் கரைந்து போயிருக்கும். ஒரு முழம் அகலத்தில் பல வகை நாற்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்து நிற்கும். இவை அனைத்தும் மரமாகப் போவதில்லை. வெள்ளை வால் எலி போன்ற கொறிவிலங்குகள் குவியலிலிருந்து விதைகளைத் தூக்கிச் சென்று சிலவற்றைத் தின்றும் சிலவற்றைப் புதைத்தும் வைக்கும். அதனால் எச்சம் விழுந்த இடத்தோடு விதையின் பயணம் முடிவதில்லை. பார்த்து முடித்ததும் குவியலை முன்பிருந்தபடியே கூட்டி விட்டுவிடுங்கள்.

எச்சத்தைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இன்னிஸ்ஃபெயில் சுற்றுவட்டாரச் சதுப்புகளில் பரவியிருக்கும் குளத்து ஆப்பிள் என்ற அயல் மரம் நம் சீத்தாவின் இனத்தது. ஆஸ்திரேலியா முழுவதும் கவலைக்குரிய களையாக அது பட்டியலிடப்பட்டுள்ளது. அதன் பழத்தைக் காசோவரி விரும்பி உண்கிறது, விதையைப் பரப்பவும் செய்கிறது. எது உள்நாட்டு மரம், எது வந்தேறி என்று பறவைக்குத் தெரியாது. அந்த மரத்தை அகற்றும் இடங்களில் காசோவரிக்கு உரிய மரங்களை நட்டு வளர்ப்பதும் அவசியமாகிறது.

நேருக்கு நேர் வந்தால்

முதலில் நின்றுவிடுங்கள். பறவை உங்களைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போவதுதான் வழக்கம். வழியை விட்டுக் கொடுங்கள். அது உங்கள் பக்கமே நடந்து வந்தால், முகத்தைப் பறவையை நோக்கியே வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். முதுகுப்பையைக் கழற்றி உங்கள் முன்னே பிடித்துக்கொள்ளுங்கள். அருகில் மரம் இருந்தால் அதன் பின்னால் செல்லுங்கள். குழந்தைகள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். உடலை நிமிர்த்தி உயர்த்துவது, இறகைச் சிலிர்ப்பது, சீறுவது, தலையைத் தாழ்த்தி முழங்குவது ஆகியவை பறவை கலங்கியிருப்பதன் அடையாளங்கள். குஞ்சுகளோடு இருக்கும் ஆணிடம் இவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம், கண்டதும் விலகுங்கள். தந்தைக்கும் குஞ்சுக்கும் இடையில் ஒருபோதும் நிற்காதீர்கள்.

ஓடக் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் புதருக்குள் ஓடக்கூடிய பறவையை மனிதர் முந்த முடியாது. ஓடுபவர் தடுக்கி விழுவார், விழுந்தவர் மீதுதான் உதை ஆழமாக விழும். ஆஸ்திரேலியாவில் காசோவரியால் ஒருவர் இறந்ததாகப் பதிவான நிகழ்வு 1926-இல் மாஸ்மன் அருகே நடந்தது. பறவையைத் தடியால் அடிக்க முயன்ற பதினாறு வயதுச் சிறுவன், தப்பி ஓடும்போது விழுந்து கழுத்தில் உதைபட்டான். 2019-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இறந்த முதியவரும் தாம் வளர்த்த பறவையின் அருகே கீழே விழுந்தவர். இந்த இரண்டையும் வைத்துக் காசோவரியை உலகின் மிகக் கொடிய பறவை என்று எழுதுவது பறவைக்குச் செய்யும் அநீதி.

உணவு கொடுக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். குயின்ஸ்லாந்தில் நடந்த காசோவரித் தாக்குதல்களைத் தொகுத்து 1999-இல் வெளியான ஆய்வில், மனிதர் மீதான 150 நிகழ்வுகளில் நான்கில் மூன்று பங்கு, முன்னர் மனிதர் உணவு கொடுத்துப் பழக்கிய பறவைகளால் நேர்ந்தவை என்பது தெரிய வந்தது. ஒரு வாழைப்பழத்தைக் காரின் கண்ணாடி வழியே நீட்டுபவர் அன்பால்தான் நீட்டுகிறார். அந்தப் பறவை அடுத்த நாள் வேறொரு காரை நோக்கி நடக்கிறது, அதற்கடுத்த நாள் சாலையின் நடுவே நிற்கிறது. வாகனம் மோதுவது காசோவரிகளின் சாவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. நாய்கள் குஞ்சுகளைக் கொல்வது இன்னொன்று. சாலையோரம் பழத்தோலை எறிவதும் உணவு கொடுப்பதற்குச் சமமே. சட்டப்படியும் அது குற்றம், அபராதம் உண்டு.

இதற்கு மாறான நிலையும் ஒன்று உண்டு. 2006 மார்ச்சில் லேரி புயலும் 2011 பிப்ரவரியில் யாசி புயலும் இந்தக் கடற்கரையைத் தாக்கியபோது, காட்டின் பழங்கள் முழுவதும் ஒரே இரவில் உதிர்ந்து, மரங்கள் இலையின்றி நின்றன. பசித்த பறவைகள் சாலைகளுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்து அடிபட்டன. அப்போது அரசின் பூங்காத் துறையினர் மக்கள் நடமாட்டத்திலிருந்து விலகிய இடங்களில் பழங்களை வைத்து உணவூட்டினர். வல்லுநர் மேற்பார்வையில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பயணி தன் விருப்பத்துக்குச் செய்யக்கூடியதன்று. புயலுக்குப் பின் காடு மீண்டும் எழ விதை சுமப்பவர்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அந்த முயற்சியின் நோக்கம். மடகாஸ்கரின் யானைப் பறவையும் நியூசிலாந்தின் மோவாவும் மனிதர் வந்த பின் அற்றுப்போய்விட்டன; அவை உண்டு, சுமந்து, மேய்ந்து காத்த காடுகள் இன்று அந்தப் பறவைகள் இல்லாமல் நிற்கின்றன. இங்கே பறவையும் காடும் இரண்டும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. குயின்ஸ்லாந்தின் ஈர வெப்பமண்டலத்தில் காசோவரிகளின் எண்ணிக்கை சுமார் 4,400 என்று ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 2014-இல் மதிப்பிட்டது. ஆஸ்திரேலியச் சட்டம் இப்பறவையை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

குறிப்பெடுத்தல்

பறவையைக் கண்டால் நாள், நேரம், இடம், அது நின்ற மரத்தின் அடையாளம் ஆகியவற்றை எழுதுங்கள். வளர்ந்ததா இளையதா, குஞ்சுகள் எத்தனை, கோடு இருக்கிறதா என்பதும் வேண்டும். கொண்டையின் வடிவம், அதன் சாய்வு, அதிலுள்ள கீறல், தாடிச் சதைகளின் நீளமும் வடிவும் ஒவ்வொரு பறவைக்கும் வேறுபடும். இரண்டு பக்கமும் தெரியும்படி தொலைவிலிருந்து படம் எடுத்தால் அதே பறவையை மறுமுறை அடையாளம் காணலாம். எச்சத்தைக் கண்டால் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, விதை வகைகளைப் பிரித்து எண்ணி எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நீளம், அகலம், மேற்பரப்பு ஆகியவற்றை எழுதினால் போதும். ஆய்வாளர்கள் எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துத் தனிப் பறவைகளை அடையாளம் காண்கிறார்கள் என்பதால், எச்சம் கிடந்த இடம்கூடப் பயனுள்ள செய்தியே.

பார்த்தவற்றைக் குயின்ஸ்லாந்து அரசின் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்கலாம். அடிபட்ட பறவையையோ தந்தையின்றித் திரியும் குஞ்சுகளையோ கண்டால் நீங்களே பிடிக்க முயலாமல் உடனே அத்துறையை அழையுங்கள். மிஷன் பீச் அருகே கார்னர்ஸ் பீச்சில் மறுவாழ்வு மையம் ஒன்று இயங்குகிறது. ஒருநாள் கூடுதலாகத் தங்க முடிந்தால் மிஷன் பீச்சில் உள்ள சி4 என்ற தன்னார்வ அமைப்பின் நாற்றுப்பண்ணையில் உதவி தேவையா என்று விசாரித்துப் பாருங்கள். துண்டுபட்ட காடுகளை இணைக்க நடப்படும் மரங்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. காட்டில் எச்சத்தில் பார்த்த விதைகள் தொட்டியில் எப்படி முளைக்கின்றன என்பதை அங்கே பார்க்கலாம்.

திரும்பும் வழியில் மிஷன் பீச் சாலைகளில் காசோவரி படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும் இடங்களிலெல்லாம் வேகத்தைக் குறையுங்கள். ஒரு பறவை சாலையைக் கடந்துவிட்டது என்பதால் உடனே வண்டியை எடுத்துவிட வேண்டாம். அது தந்தையாக இருந்தால் குஞ்சுகள் பின்னால் வந்துகொண்டிருக்கும்.